லிங்க்ட்இன்னில் பையரைப் பிடிப்பது எப்படி? திருப்பூர் சின்ன யூனிட்காரர்களுக்கு

லிங்க்ட்இன்னில் ஆர்டர் வராது. வெளிநாட்டு பிராண்டுகளுக்காகத் துணி வாங்கும் பையரிடமிருந்து சாம்பிள் கேட்டு மெசேஜ் வரும். இதை மனதில் வைத்து இறங்கினால் இந்தத் தளம் வேலைக்கு ஆகும். முதல் மாதமே கன்டெய்னர் ஏறும் என்று நினைத்து இறங்கினால் மூன்றாவது வாரம் ஆப்பை அழித்துவிட்டு, "அதெல்லாம் ஐடி ஆளுங்களுக்குங்க" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நான் பல வருடம், பிராண்டுகளுக்காக ஃபேக்டரிகளிடம் துணி வாங்கித் தரும் பையிங் ஆபீசில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவள். இப்போது தம்பியோடு சேர்ந்து பெருமாநல்லூர் பக்கம் குழந்தைத் துணி தைக்கும் யூனிட் நடத்துகிறேன். பாடிசூட், ஸ்லீப்சூட், பிப், தொப்பி. பிறந்த குழந்தை முதல் இரண்டு வயது வரை. அதற்கு மேல் ஒரு சைஸ்கூட எடுப்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தினம் வந்து குவியும் "வீ ஆர் லீடிங் மேனுஃபாக்சரர்" மெசேஜ்களைத் திறக்காமலே தள்ளியிருக்கிறேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் வருமா என்று போனையே பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பது இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் தேறியது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியதிலிருந்து எங்கள் ஊரில் இந்தப் பேச்சு கூடிவிட்டது. ஒரே நாடு, ஒரே பையர், நடுவில் ஒரே ஏஜென்ட் என்று ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வேறு வாசல் தேட ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது; பார்வை ஐரோப்பா பக்கம் திரும்ப அதுவும் ஒரு காரணம். பக்கத்து யூனிட் அண்ணன் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, இந்த லிங்க்டின்ல ஆர்டர் கிடைக்குமா?" "ஆர்டர் கிடைக்காதுங்கண்ணா. சாம்பிள் கேப்பாங்க. அதை ஆர்டரா மாத்தறது நம்ம சாம்பிள் டைலர் கையிலதான் இருக்கு" என்றேன். அவருக்கு அன்றைக்குச் சொன்னதை விரித்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கம்

உங்கள் மெசேஜைப் படித்த பையர் உடனே பதில் எழுதமாட்டார். உங்கள் பெயரைத் தட்டி, யார் இவர் என்று பார்ப்பார். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பக்கத்துத் தெருவில் விசாரிப்பார்களே, அதுதான் இது. விசாரிக்க வந்தவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் எவ்வளவு நல்ல மெசேஜ் எழுதியிருந்தாலும் வீண்.

கம்பெனி பக்கம் ஒன்று வேண்டும்தான். லோகோ, முகவரி, வெப்சைட் இருந்தால் போதும், ஒரு மணி நேர வேலை. ஆனால் கம்பெனி பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவருக்குத் தொடர்பு அழைப்பு அனுப்ப முடியாது. ஆளுக்கு ஆள்தான் அழைப்பு. அதனால் உழைப்பைப் போட வேண்டியது உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும் பக்கத்தில். நிறையப் பேர் கம்பெனி பெயரையே ஆள் பெயராகப் போட்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் லோகோ வைத்துக் கணக்குத் திறக்கிறார்கள். அது லிங்க்ட்இன் விதிக்கே எதிரானது. புகார் போனால் கணக்கு போய்விடும். அதைவிட, பையருக்கு அது ஸ்பேம் மாதிரித் தெரியும்.

பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் 220 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் தேடல் பட்டியலிலும் மெசேஜ் பெட்டியிலும் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும். அந்த இடத்தில் "மேனேஜிங் பார்ட்னர்" என்று இருப்பதால் யாருக்கு என்ன லாபம்? என்னுடையது இப்படித் தொடங்குகிறது: "ஆர்கானிக் காட்டன் பேபிவேர், 0–24 மந்த்ஸ், ஸ்மால் எம்ஓக்யூ, திருப்பூர்." எம்ஓக்யூ என்றால் ஆர்டருக்கான குறைந்தபட்ச அளவு. பதவி கடைசியில் இருக்கிறது. பையர் தேடல் கட்டத்தில் என்ன தட்டுவார் என்று யோசித்து, அந்தச் சொற்களை முன்னால் கொண்டுவாருங்கள்.

அடுத்தது அபௌட் பகுதி. 2,600 எழுத்து வரை விடுகிறார்கள், பாதிகூட வேண்டாம். "குவாலிட்டி இஸ் அவர் மோட்டோ", "ஒன் ஸ்டாப் சொல்யூஷன்" எல்லாம் வெட்டிப் போடுங்கள். பையிங் ஆபீசில் நாங்கள் ஒரு யூனிட்டைப் பற்றி முதலில் கேட்டது இவ்வளவுதான்: எத்தனை மெஷின், மாதம் எத்தனை பீஸ், எந்தத் துணி, எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), கலருக்குக் குறைந்தது எத்தனை பீஸ், சாம்பிளுக்கு எத்தனை நாள், துணி அப்ரூவல் ஆனதிலிருந்து ஷிப்மென்டுக்கு எத்தனை நாள், எந்தத் துறைமுகம். அத்தனைக்கும் அங்கேயே பதில் இருக்கட்டும். "சிங்கிள் ஜெர்சி 160–180, இன்டர்லாக் 200–220, ஒன்றுக்கு ஒன்று ரிப், கலருக்கு 300 பீஸ், தூத்துக்குடி" என்று எழுதிய இரண்டு வரி, நான்கு பாரா பெருமையைவிட அதிகம் பேசும்.

கலருக்கு 300 பீஸ் என்று வெளிப்படையாக எழுதச் சங்கடப்படுகிறார்கள். சின்ன கம்பெனி என்று தெரிந்துவிடுமாம். தெரியட்டுமே! ஐரோப்பாவில் பேபிவேர் பிராண்டுகள் பலவும் இரண்டு பேர், மூன்று பேர் நடத்துபவை. அவர்களுக்குக் கலருக்கு 300 பீஸ்தான் வேண்டும். பெரிய ஃபேக்டரிக்குப் போனால் 3,000 கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் சின்ன அளவுதான் அங்கே நம் சரக்கு. அதை மறைத்து வைத்தால் தேடி வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் ஒரு சொல்கூட மிகைப்படுத்தாதீர்கள். நூலுக்கு காட்ஸ் (ஆர்கானிக் துணிக்கான சர்வதேசச் சான்று) இருக்கிறது, சாயப்பட்டறைக்கு காட்ஸ் இருக்கிறது, அதனால் நாங்களும் காட்ஸ் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி ஆகாது. ஸ்பின்னிங்கிலிருந்து தையல் வரை சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரும் சான்று பெற்றிருக்க வேண்டும். சான்று பெற்றவர்கள் பட்டியல் காட்ஸ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இருக்கிறது. பையிங் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஜூனியருக்கு முதலில் கொடுக்கும் வேலையே அதில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். உங்களிடம் சான்று இல்லையென்றால், "யூனிட்டுக்கு காட்ஸ் சான்று இன்னும் எடுக்கவில்லை" என்று எழுதிவிடுங்கள். அதைப் படித்துவிட்டுப் பேச வருபவர்கள் இருக்கிறார்கள்.

எழுத வேண்டியதை எழுதாமல் விடுவதும் நடக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊர் என்ன பாடு பட்டது என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜுக்கு மாறித்தான் ஓடுகின்றன. நமக்கு இது பழகிப்போன சங்கதி. ஹாம்பர்க்கில் இருக்கும் சஸ்டெய்னபிலிட்டி மேனேஜருக்கு இது முக்கியமான சங்கதி. உங்கள் துணி எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறையில் சாயமேறுகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

போட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகம் தெரிய வேண்டும், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியதாக இருக்கக்கூடாது.

யாரைத் தேடுவது

பிராண்ட் முதலாளியைத் தேடாதீர்கள். பெரிய பிராண்டின் சிஇஓவுக்கு அழைப்பு அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்டார் என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதால் ஒரு பீஸ்கூட நகராது. சாம்பிள் கேட்பவர் அசிஸ்டன்ட் பையர், புராடக்ட் டெவலப்பர், சோர்சிங் மேனேஜர், கார்மென்ட் டெக்னாலஜிஸ்ட் என்ற பெயர்களில் கீழே உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிக் கூட்டம் இல்லை. மெசேஜும் அவ்வளவாக வராது, வந்தால் படிப்பார். இரண்டு வருடம் கழித்து அவர்தான் பையராகவும் ஆவார்.

பட்டியலைப் பிடிக்க நான் செய்யும் வழி இது. ஜெர்மனியின் கொலோன் நகரில் கிண்ட் உண்ட் யூகெண்ட் என்று குழந்தைப் பொருட்களுக்கான கண்காட்சி நடக்கிறது. அதில் கடை போடுபவர்கள் பட்டியல் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும். நாம் போக வேண்டியதுகூட இல்லை. துணி, பெட்டிங் விற்கும் பிராண்டுகளை அதிலிருந்து எடுத்து ஒரு எக்செல்லில் போடுங்கள். ஒவ்வொரு பிராண்டின் வெப்சைட்டையும் திறந்து, அவர்கள் விற்பது நாம் தைக்கக்கூடியதுதானா என்று பாருங்கள். நெய்த துணி மட்டும் விற்பவரிடம் பனியன் துணியைக் காட்டி என்ன பயன்? அப்படி வடிகட்டியதில் மிஞ்சியவற்றை மட்டும் லிங்க்ட்இன்னில் தேடி, கம்பெனி பக்கத்தில் பீப்பிள் என்ற பகுதியைத் திறந்தால், அங்கே வேலை செய்கிறவர்கள் யார், எந்த ஊர், என்ன பொறுப்பு என்று வரும். அதிலேயே ஒரு தேடல் கட்டமும் உண்டு. "பையர்", "சோர்சிங்" என்று தட்டிப் பாருங்கள்.

ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு கம்பெனிகளில் பலர் தங்கள் பதவியை அவரவர் மொழியிலேயே எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் தேடினால் அகப்படமாட்டார்கள். கொள்முதல் அலுவலர் என்பதை கூகுள் டிரான்ஸ்லேட்டில் அந்த மொழிக்கு மாற்றி, வரும் சொல்லை அப்படியே ஒட்டித் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஒருவர்கூட வராத கம்பெனியில் திடீரென நாலைந்து பேர் வரிசையாக நிற்பார்கள்.

இலவசக் கணக்கில் தேடலுக்கு மாத வரம்பு ஒன்று உண்டு. அளவு தாண்டினால் முடிவுகளைக் காட்டாமல் பிரீமியம் வாங்கச் சொல்லும். ஒன்றாம் தேதி திரும்பத் திறந்துவிடும். அதனால் சும்மா மேயாமல், எக்செல்லைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இதையெல்லாம்விட வலுவான வழி ஒன்று இருக்கிறது, நம் ஆட்கள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பழைய கூட்டாளிகள்! திருப்பூரில் மெர்ச்சண்டைசிங் பழகிய பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கே இருக்கிறார்கள் தெரியுமா? பெங்களூரு, குருகிராம் பையிங் ஆபீஸ்களில், டாக்காவில், கொழும்பில். அன்றைக்கு டிரிம்ஸ் கார்டு ஒட்டிக்கொண்டிருந்த பையன் இன்றைக்கு ஒரு ஐரோப்பிய ரீடெயிலரின் இந்திய ஆபீசில் குவாலிட்டி பார்க்கிறான். படித்த கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் அலும்னை என்ற பகுதியைத் திறந்து, ஊர் வாரியாகவும் கம்பெனி வாரியாகவும் வடிகட்டிப் பாருங்கள். தெரியாத பத்துப் பேருக்கு எழுதுவதைவிட, தெரிந்த ஒருவரிடம் "கண்ணு, உங்க பேபிவேர் டீம்ல யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பது மேல். ஆர்டர் கேட்காதீர்கள், அவருக்குச் சங்கடம். பெயர் மட்டும் கேளுங்கள்.

மெசேஜ்

அழைப்போடு குறிப்பு எழுத, இலவசக் கணக்குக்கு மாதத்தில் ஒரு சில தடவைதான் வாய்ப்பு. அதுவும் 200 எழுத்துக்குள். அதை எக்செல்லில் முதலில் இருக்கும் ஆட்களுக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் குறிப்பில்லாமல் அனுப்புங்கள். பக்கம் ஒழுங்காக இருந்தால் குறிப்பில்லாமலும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஏற்றுக்கொண்ட அடுத்த நிமிடம் கேட்லாக் பிடிஎஃப்பை இறக்காதீர்கள். பையிங் ஆபீசில் என் பெட்டி நிறைய அதுதான் இருக்கும். எல்லா மெசேஜும் ஒரே அச்சு: டியர் சார், நாங்கள் முன்னணி உற்பத்தியாளர்கள், ஆண்கள் பெண்கள் குழந்தைகள் அனைவருக்கும் எல்லா வகை ஆடைகளும், போட்டி விலையில், தயவுசெய்து உங்கள் தேவையை அனுப்புங்கள். "டியர் சார்" என்று வந்தது எனக்கு! எல்லோருக்கும் எல்லாம் தைக்கிறவரிடம் என் தேவை என்னவென்று நான் எதற்கு உட்கார்ந்து எழுத வேண்டும்?

நான் இப்போது அனுப்பும் மெசேஜின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"வணக்கம், இணைந்ததற்கு நன்றி. உங்கள் வெப்சைட்டில் ரிப் ஸ்லீப்சூட்டைப் பார்த்தேன். கழுத்திலிருந்து கால் வரை ஸ்நாப் பட்டன் வைத்திருக்கிறீர்கள். அதே ஷேப்பை நாங்கள் 220 ஜிஎஸ்எம் ஆர்கானிக் இன்டர்லாக்கில், மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கிற ஜிப் வைத்துத் தைக்கிறோம். கலருக்கு 300 பீஸ். 62 சைஸில் ஒன்று அனுப்பினால் பார்ப்பீர்களா?"

இதில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். அவர்கள் சரக்கைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன் என்பது முதல் வரியிலேயே தெரியும். துணி, எடை, குறைந்தபட்ச அளவு மூன்றும் வந்துவிட்டன. 62 என்று போட்டிருப்பது சும்மா இல்லை. ஐரோப்பாவில் குழந்தைத் துணி சைஸ் என்பது சென்டிமீட்டரில் குழந்தையின் உயரம்: 50, 56, 62, 68 என்று போகும். மாதக் கணக்கில் எழுதாமல் 62 என்று எழுதுகிறவர் ஏற்கெனவே அந்தச் சந்தைக்குத் தைத்தவர் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஆம் இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. விலை கேட்டால் அதுவே நல்ல அறிகுறி. கேட்கும் முன்னால் சொன்னால் அவர்கள் அடுத்தவரிடம் பேரம் பேச நாம் கொடுத்த சீட்டு.

சார், மேடம் வேண்டாம். முதல் பெயர் போதும், அதை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். ஆங்கிலம் சுமார்தான் என்றால் கவலைப்படாதீர்கள், எதிரில் இருப்பவருக்கும் அது பெரும்பாலும் தாய்மொழி இல்லை. ஏஐயிடம் கொடுத்துத் திருத்தலாம்; ஆனால் அது சேர்க்கிற அலங்காரத்தை எல்லாம் உருவிவிட்டு அனுப்புங்கள். "ஐ ஹோப் திஸ் மெசேஜ் ஃபைண்ட்ஸ் யூ வெல்" என்று தொடங்கினாலே கை தானாக டெலீட்டுக்குப் போகும்.

நேரமும் பாருங்கள். நாம் காலை பத்து மணிக்கு உற்சாகமாக அனுப்பும்போது ஐரோப்பாவில் ஆபீஸே திறந்திருக்காது. ஜெர்மனியில் காலை ஒன்பது என்பது கோடையில் நமக்குப் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. லண்டனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி. சாப்பாட்டுக்கு முன்னேயோ பின்னேயோ அனுப்பினால் அவர்கள் கம்ப்யூட்டரைத் திறக்கும் நேரம் மேலே நிற்கும். ஆகஸ்டில் பிரான்ஸ், இத்தாலி பக்கம் பாதி ஆபீஸ் காலி. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை யாருமே இல்லை.

பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். "எனி அப்டேட்?" என்று கேட்காமல் புதிதாக ஏதாவது ஒன்றோடு போங்கள்: அந்த ஜிப் ஸ்லீப்சூட்டைப் பத்துத் தடவை துவைத்த பிறகு எடுத்த படம் போதும். "இந்த சீசனுக்கு முடித்துவிட்டோம்" என்று பதில் வந்தால் பலர் சோர்ந்துபோகிறார்கள். எனக்கு அது சந்தோஷமான பதில். அடுத்த சீசன் டெவலப்மென்ட் எந்த மாதம் தொடங்கும் என்று கேட்டு, எக்செல்லில் எழுதிவைத்துவிடுவேன். கடைக்குத் துணி போவதற்கு எட்டு, பத்து மாதம் முன்பே அவர்கள் டிசைன் வேலை தொடங்கிவிடும். அந்த ஜன்னல் திறக்கும் வாரத்தில் போய் நின்றால் போதும்.

என்ன போஸ்ட் போடுவது

தினம் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாரம் ஒன்று, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒன்று. போஸ்ட் போடுவது ஊர் முழுக்கப் பார்ப்பதற்காக இல்லை. உங்கள் மெசேஜ் வந்ததும் உங்கள் பக்கத்தைத் தட்டிப் பார்ப்பாரே அந்த ஒருவர், அவர் வரும்போது அங்கே மூன்று நான்கு நல்ல போஸ்ட் இருக்க வேண்டும், அதற்காக. தீபாவளி வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து, "மண்டே மோட்டிவேஷன்" மட்டுமே இருந்தால் அவர் என்ன தெரிந்துகொள்வார்?

உங்கள் தொழிலில் உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்ததும் பையருக்குத் தெரியாததுமான ஒன்றை எடுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். பாடிசூட்டில் ஸ்நாப் பட்டன் கழன்று வருவது குழந்தைத் துணியில் பெரிய தலைவலி. குழந்தை வாயில் போட்டுவிடும் என்பதால் பையர்கள் இழுவைச் சோதனை கேட்பார்கள். 90 நியூட்டன் தாங்க வேண்டும் என்பவர்களும் உண்டு. கழன்றால் எல்லோரும் ஸ்நாப்பைத்தான் குறை சொல்வார்கள். பல சமயம் ஸ்நாப் மேல் தப்பே இருக்காது. அடியில் சிங்கிள் ஜெர்சி மெலிசாக இருக்கும். ஸ்நாப்பின் பற்கள் பிடிக்கப் போதுமான கனம் கிடையாது. மேலே ரிப் பட்டி வைத்து நடுவில் ஃப்யூசிங் (சூட்டில் ஒட்டும் உள்துணி) கொடுத்து அடித்தால் பிடித்துக்கொள்ளும். அதிலும் மெஷின் அழுத்தம் கூடினால் பல் துணியை வெட்டிவிடும், அன்றைக்குத் தெரியாது, நாலு துவைப்பு கழித்து ஓட்டை விழும். நான் கழன்ற ஒன்றையும் கழலாத ஒன்றையும் பின்பக்கம் தெரியும்படி அருகருகே வைத்துப் போனில் படம் எடுத்து, இதையே ஆறு வரியில் எழுதிப் போட்டேன். லைக் சொற்பம். ஆனால் அதைப் பார்த்துத்தான் ஒரு கார்மென்ட் டெக்னாலஜிஸ்ட், பட்டிக்கு என்ன ஃப்யூசிங் போடுகிறீர்கள் என்று எழுதினார். அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போஸ்ட் முதல் இரண்டு மூன்று வரிக்கு மேல் மடங்கிவிடும், தட்டினால்தான் மீதி விரியும். அதனால் சொல்ல வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

படம் போடும் முன் பின்னணியைப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பெருமையாக கட்டிங் டேபிள் படம் போடுவார்கள். கட்டிங் மாஸ்டர் கையில் இரும்பு வலைக் கையுறை இருக்காது. பேக்கிங் செக்ஷன் படம் போடுவார்கள். எமர்ஜென்சி எக்ஸிட் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். தீயணைப்பு சிலிண்டரை மறைத்து நூல் மூட்டை கிடக்கும். ஓவர்லாக்கில் ஊசிக் காப்பு கழற்றி வைத்திருக்கும். ஆடிட் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் துணி தெரியாது, இதுதான் முதலில் தெரியும். நான் பையிங் பக்கம் இருந்தபோது இப்படி ஒரு படத்தைப் பார்த்தே ஒரு யூனிட்டைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் பையரின் ஸ்டைல், பிரிண்ட், லேபிள் எதையும் போடக்கூடாது. கடைக்கு வராத டிசைனை நீங்கள் போட்டால் அந்த பையர் போய்விடுவார். அதைப் பார்க்கும் புதிய பையரும், நாளைக்கு நம் டிசைனையும் இப்படித்தான் போடுவார் என்று விலகிவிடுவார். சொந்த சாம்பிளை மட்டும் போடுங்கள். தையல் அக்காக்கள் முகம் தெரிய எடுக்கிறீர்கள் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

போஸ்ட் எழுத வராது என்பவர்களுக்குச் சுலபமான வழி, கமென்ட். உங்கள் எக்செல் பட்டியலில் இருப்பவர்கள் போடும் போஸ்டில் போய், "கிரேட்", "கங்கிராட்ஸ்" இல்லாமல் தொழில் தெரிந்த ஒரு வரி எழுதுங்கள். அவர் புதிய ரிப் பேன்ட் படம் போட்டிருந்தால், "இடுப்பு ரிப்பில் லைக்ரா சேர்த்திருக்கிறீர்களா, டயப்பருக்கு மேல் நன்றாக நிற்கும்" என்று. மெசேஜ் அனுப்பும் முன்பே உங்கள் பெயர் அவருக்குப் பழகியிருக்கும்.

பையர் நிஜமா?

பதில் வரத் தொடங்கியதும் போலிகளும் வருவார்கள். பெரிய பிராண்ட் பெயரைச் சொல்லி, முதல் மெசேஜிலேயே 50,000 பீஸ் என்பார்கள். துணி என்ன, ஜிஎஸ்எம் என்ன என்று ஒரு கேள்விகூட இருக்காது. பிறகு வெண்டார் பதிவுக் கட்டணம், டெஸ்டிங் கட்டணம் என்று பணம் கேட்பார்கள். எந்த பையரும் நம்மிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆர்டர் தருவதில்லை.

அவர் பக்கத்தில், பெயருக்குக் கீழே உள்ள மோர் பட்டனில் "அபௌட் திஸ் ப்ரொஃபைல்" என்று ஒன்று இருக்கும். கணக்கு எந்த வருடம் எந்த மாதம் திறந்தது என்று காட்டும். இருபது வருட அனுபவம் என்று எழுதியிருப்பவர் கணக்கு போன மாதம் திறந்ததாக இருந்தால் யோசியுங்கள். கம்பெனி இருக்கிறதா என்று பார்க்க, பிரிட்டனுக்கு கம்பனீஸ் ஹவுஸ் இணையதளம் இருக்கிறது. பதிவு எண், டைரக்டர்கள், கணக்கு தாக்கல் எல்லாம் இலவசம். ஜெர்மனியின் வணிகப் பதிவேட்டையும் இணையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். இமெயில் கம்பெனி டொமைனிலிருந்து வருகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். "எம்"மை, பார்வைக்கு அதேபோலத் தெரியும் "ஆர்என்" ஆக மாற்றி ஏமாற்றுவது பழைய வித்தை. கடனுக்குச் சரக்கு அனுப்புவதாக இருந்தால் ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இசிஜிசி மூலம் அந்த பையருக்கு வரம்பு கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில், பேமென்ட் வர வேண்டிய நேரத்தில் நடுவில் யாரோ புகுந்து, பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது என்று பையருக்கு மெயில் போட்டு, பணம் எங்கேயோ போய்விட்டது. அக்கவுன்ட் விவரம் மாறாது, மாறினால் வீடியோ காலில் முகம் பார்த்துத்தான் சொல்வோம் என்று முதல் இன்வாய்ஸிலேயே எழுதிவிடுங்கள்.

சாம்பிள் கேட்டால் கூரியர் செலவு யாருடையது? முதல் சாம்பிள் துணி நம் செலவு, கூரியர் அவர் செலவு என்பது என் கணக்கு. அவருடைய கூரியர் அக்கவுன்ட் நம்பரைக் கேளுங்கள். நிஜமான பிராண்டிடம் பெரும்பாலும் இருக்கும். மிகச் சின்ன பிராண்டாக இருந்தால் இல்லாமலும் போகலாம். ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேலை தேடும் மெர்ச்சண்டைசர்களுக்கு

உங்களுக்கும் மேலே சொன்னது பெரும்பாலும் பொருந்தும். சேர்த்துச் சொல்ல ஒன்றிரண்டு. "ஓப்பன் டு ஒர்க்" போடும்போது, ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதி இருக்கிறது. பச்சை வளையத்தைப் போட்டால் உங்கள் முதலாளியும் பார்ப்பார், திருப்பூர் சின்ன ஊர். அந்த ரகசிய வசதியும் முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. பக்கத்தைத் திருத்தத் தொடங்கும் முன் செட்டிங்ஸில் போய், மாற்றங்களை எல்லோருக்கும் அறிவிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். அனுபவப் பகுதியில் "பையர் கம்யூனிகேஷன், ஃபாலோ அப்" என்று எழுதாதீர்கள், அதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எந்தச் சந்தை, எந்தப் பொருள், மாதம் எத்தனை ஸ்டைல் கையாண்டீர்கள், டைம் அண்ட் ஆக்ஷன் காலண்டர் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) போட்டு ஓட்டியிருக்கிறீர்களா என்று எழுதுங்கள். பையர் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் "ஸ்காண்டிநேவிய குழந்தைத் துணி ரீடெயிலர்" என்று போட்டால் போதும், புரிந்துகொள்வார்கள்.

பிரீமியம் வாங்கலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். எக்செல் பட்டியல் தயாராகி, பக்கம் ஒழுங்காகி, தேடல் வரம்பு உண்மையிலேயே இடிக்கும்போது ஒரு மாதம் இலவசமாகக் கொடுப்பார்கள், அதை எடுத்து அந்த மாதத்தில் மொத்தத் தேடலையும் முடித்துவிடுங்கள். முடியும் தேதியைப் போனில் அலாரம் வையுங்கள், இல்லையென்றால் கார்டில் பணம் எடுத்துவிடும்.

மாதம் ஒருமுறை, அனுப்பிய அழைப்புகளில் ஏற்காமல் கிடப்பவற்றைத் திறந்து பழையதைத் திரும்பப் பெறுங்கள். ஏற்காதவை குவிந்து கிடந்தால் லிங்க்ட்இன் உங்களைத் தொல்லைக் கணக்காகப் பார்க்கத் தொடங்கும். ஆனால் திரும்பப் பெற்றவருக்கு மூன்று வாரம் வரை மறுபடி அழைப்பு அனுப்ப முடியாது. அதனால் அடுத்த சீசன் டெவலப்மென்ட் தொடங்கும் வாரத்தில் யாரைப் பிடிக்க வேண்டுமோ, அவருடைய பழைய அழைப்பை ஒரு மாதம் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.